உர்சுலா ஆன்ட்டியின் பழைய நம்பர்

உர்சுலா ஆன்ட்டிக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒரு கறுப்பு டெலிபோன்தான் இருந்தது. சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டின் மாடியில், முன்னறையில், மாதா படத்துக்குக் கீழே அது உட்கார்ந்திருக்கும். தூசி படாமல் மேலே வெள்ளைத் துணி ஒன்று போட்டிருப்பார். துறைமுகத்தில் வேலை பார்த்த கணவர் காலமான பிறகு, அந்தப் போனை வைத்துக்கொண்டுதான் ஆன்ட்டி எங்கள் தேவாலயப் பங்கில் பாதிப் பேருக்குக் கல்யாணம் முடித்து வைத்தார். மீதிப் பாதி காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆன்ட்டி உடனே பேச்சை மாற்றிவிடுவார்.

தரகர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ‘உதவி’ என்று சொல்ல வேண்டும். அந்த உதவி இல்லாமல் எங்கள் ஆட்களால் ஒரு கல்யாணமும் செய்ய முடியாது. ஏனென்றால் நேருக்கு நேர் பேசும் பழக்கம் எங்களிடம் கிடையாது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பிடித்திருந்தால் ஆன்ட்டிக்குப் போன் செய்வார்கள். பிடிக்கவில்லை என்றால் போன் செய்ய மாட்டார்கள். அவ்வளவுதான். ‘வேண்டாம்’ என்று யாரும் யாரிடமும் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, போன் வராவிட்டால், பெண் வீட்டில் புரிந்துகொண்டு பலகாரத் தட்டுகளைக் கழுவி அலமாரியில் வைத்துவிடுவார்கள். பெண் வீட்டார் தாங்களாகக் கூப்பிட்டு ‘என்ன ஆச்சு’ என்று கேட்பது அறவே கூடாது. கேட்டால் மானம் போய்விடும்.

என் அக்கா ரூபி ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பதைத் தாண்டியிருந்தாள். அழகிலும் குணத்திலும் ஒரு குறையும் இல்லை, உயரம்தான் கொஞ்சம் தாராளம். அவள் உட்கார்ந்திருக்கும்வரை மாப்பிள்ளை வீட்டார் சிரித்த முகமாக இருப்பார்கள். காப்பித் தட்டை எடுக்க அவள் எழுந்ததும் மாப்பிள்ளை தரையைப் பார்ப்பான், அவனுடைய அம்மா கூரையைப் பார்ப்பார். அப்புறம் போன் வராது. இப்படி எத்தனையோ முறை நடந்துவிட்டது. தட்டு கழுவும் வேலையை ஒவ்வொரு தடவையும் ரூபியே செய்தாள், யாரையும் தொடவிட மாட்டாள்.

எனக்கும் இதில் சுயநலம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அக்கா இருக்கத் தம்பி கட்டிக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என் ஆபீசில் டைப்பிஸ்ட் ஒருத்தி எனக்காகக் காத்திருந்தாள். அவளுடைய பொறுமைக்கும் ஓர் எல்லை இருந்தது. ஆகவே ஆன்ட்டியின் போன் மணி அடிக்கிறதா இல்லையா என்பதில் எனக்கு இருந்த அக்கறை ரூபிக்கே இருந்ததா என்பது சந்தேகம்தான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு மலேசியாவின் சிரம்பானிலிருந்து அல்போன்சம்மாள் என்றொரு அம்மா தன் மகன் அலெக்சாண்டருடன் பெண் பார்க்க வந்தார். பையனுக்கு ரயில்வேயில் வேலை. எங்கள் வீட்டு வாசலில் தொங்கிய மணித்திரை தலையில் இடிக்கும் என்று குனிந்துதான் உள்ளே நுழைந்தான். ஆன்ட்டி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ரூபி காப்பித் தட்டுடன் எழுந்தாள். மரியாதைக்கு அவனும் எழுந்தான். என் அக்கா ஒரு மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“வீட்டுல பெரியவங்ககிட்ட கலந்துட்டு உர்சுலாவுக்குப் போன் பண்றோம்” என்று சொல்லிவிட்டு அல்போன்சம்மாள் புறப்பட்டார். அடுத்த நாளே கூப்பிட்டால் அலைகிறார்கள் என்று நினைப்பார்கள், அதனால் ஒரு வாரமாவது போகட்டும் என்று பையன் வீட்டார் பிகு செய்வதும் எங்கள் வழக்கம்தான்.

அந்த வாரத்தில்தான் வந்தது வினை. ஆன்ட்டி குடியிருந்த கடைவீட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ஈசூனில் புது ஃப்ளாட் கொடுத்திருந்தது. சாவி வாங்கிக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. போன் என்ன ஆகும் என்று கேட்க ஆன்ட்டி டெலிபோன் கம்பெனிக்குப் போனார். இங்கிலீஷ் பேச நானும் கூடப் போனேன். ஆனால் கவுண்டரில் கமலா என்ற நம் பெண்தான் இருந்தாள்.

“ஈசூன் வேற எக்ஸ்சேஞ்ச் ஆன்ட்டி, அதனால நம்பர் மாறும்” என்றாள் கமலா. “ஆனா ஒண்ணும் கவலைப்படாதீங்க. பழைய நம்பரை யார் கூப்பிட்டாலும் புது நம்பரைச் சொல்ற மாதிரி ரெக்கார்டிங் போட்டுடுவோம். ஈசூன்ல நீங்க போன மறுநாளே லைன் வந்துடும் லா.”

ஆன்ட்டி அவளுடைய கழுத்தைப் பார்த்தார், தாலி இல்லை. “உனக்கு என்ன வயசும்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

ஈசூனுக்குக் குடிபோன மறுநாள் லைன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஒருநாள் ஆன்ட்டி பூசைக்குப் போயிருந்தபோது கம்பெனி ஆள் வந்து, வீட்டில் யாரும் இல்லை என்று இரும்புக் கதவில் சீட்டு செருகிவிட்டுப் போயிருந்தான். இன்னொரு நாள் வேறு பிளாக்கில் ஏறி இறங்கி, அங்கே அப்படி ஒரு ஆளே இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். கறுப்புப் போனைக் கம்பெனி முதல் நாளே திருப்பி எடுத்துக்கொண்டது. மாதா படத்துக்குக் கீழே வெள்ளைத் துணி மட்டும் மடித்துக் கிடந்தது.

எங்கள் வீட்டில் குழப்பம் ஆரம்பித்தது. போன் வராவிட்டால் ‘வேண்டாம்’ என்று அர்த்தம், சரி. போனே இல்லாதபோது போன் வராவிட்டால் என்ன அர்த்தம்? அப்பா ஒன்று சொன்னார், அம்மா ஒன்று சொன்னார். ரூபி அலமாரியைத் திறந்து தட்டுகளை உள்ளே வைத்துவிட்டு, “அவங்களுக்குப் பிடிச்சிருந்தா எப்படியாவது சொல்லியிருப்பாங்க. விடுங்க” என்றாள். அந்த மாதம் முழுவதும் அவளாகவே கேட்டு நைட் டூட்டி வாங்கிக்கொண்டாள்.

லைன்தான் வரவில்லையே தவிர, பில் தவறாமல் வந்தது. பழைய நம்பருக்கு, ஆன்ட்டியின் பெயரில், ஈசூன் விலாசத்துக்கு. அதில் மலேசியாவுக்குப் பேசிய டிரங்க் கால்கள் வேறு வரிசையாக இருந்தன. பில்லைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கமலாவிடம் போனோம்.

“கம்ப்யூட்டர்ல உங்க லைன் ஆக்டிவ்னு காட்டுது ஆன்ட்டி.”

“எங்கே ஆக்டிவ்?”

“உங்க வீட்டுல.”

“எங்க வீட்டுல சுவர்தாம்மா இருக்கு.”

“ஆனா மலேசியாவுல பத்து பகாட்ங்கற ஊருக்குப் பேசியிருக்கீங்களே.”

“பத்து பகாட்ல எனக்கு ஒரு ஆளையும் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்நேரம் அங்கேயும் நாலு கல்யாணம் முடிச்சிருப்பேன்.”

கமலா எங்களை பில் பிரிவுக்கு அனுப்பினாள். பில் பிரிவில், லைன் போடும் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். லைன் போடும் பிரிவில், பில் ஒழுங்காக வருகிறதே, அப்படியென்றால் லைன் இருக்கத்தானே வேண்டும் என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் ஓர் அதிகாரி, புகாரை நேரில் வந்து சொல்ல வேண்டாம், போன் செய்தால் போதும் என்று ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு வந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கோபத்தையெல்லாம் கொட்டிக் கடிதம் எழுதினேன், ஆன்ட்டி கையெழுத்துப் போட்டார். தங்கள் கடிதம் கவனத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது. இன்னும் காரமாக எழுதினோம். அதுவும் கவனத்தில் இருந்தது.

ஆன்ட்டிக்குத்தான் அந்த யோசனை தோன்றியது. பிளாக்குக்குக் கீழே இருந்த பொதுத் தொலைபேசியில் காசு போட்டு, தன்னுடைய பழைய நம்பரைத் தானே சுழற்றினார். கமலா சொன்ன ரெக்கார்டிங் எப்படிப் பேசுகிறது என்று கேட்கலாம் என்ற ஆசை. எடுத்தவர் ஒரு சீனர். ஏதோ ஹார்ட்வேர் கடையின் பெயரைச் சொல்லி, என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார். காலி செய்த ஒரே வாரத்தில் கம்பெனி அந்த நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டிருந்தது. அந்த வேகத்தை அந்தக் கம்பெனியில் நான் வேறு எதிலும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை நானும் ஆன்ட்டியும் அந்தக் கடைக்குப் போனோம். ஆன்ட்டியின் பழைய வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். கீல், திருகாணி, குழாய் என்று கூரைவரை அடுக்கியிருந்தது. முதலாளி பெயர் குவெக். உள்பனியனும் அரைக்கால் சட்டையுமாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டியும் அவரும் சந்தை மலாயில் பேசிக்கொண்டார்கள்.

“ஓ, அந்த உர்சுலா நீங்கதானா” என்றார் குவெக். “தினமும் இந்தியங்க கூப்பிடறாங்க. நான் என்ன சைஸ்னு கேக்கறேன், அவங்க என்ன படிப்புன்னு கேக்கறாங்க. ராங் நம்பர் லா, வேற என்ன சொல்றது? வச்சிடுவேன்.”

பில்லைக் காட்டினோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பத்து பகாட்டில் இருப்பது அவருடைய தம்பியாம். போன் வந்த நாளிலிருந்து பில்லே வரவில்லையாம். சிங்கப்பூரில் இப்படி ஒரு நல்ல கம்பெனியா என்று மனைவியிடம் சொல்லி ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாராம். பேசியதற்கு உள்ள காசை உடனே கொடுத்துவிடுகிறேன் என்று கல்லாவைத் திறந்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, “ஒரு அம்மா மட்டும் ரொம்ப தூரத்துல இருந்து கூப்பிட்டாங்க. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாங்க. அப்புறம் நிறுத்திட்டாங்க” என்றார்.

ஆன்ட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் மணி அடித்தது. குவெக் கையை நீட்டுவதற்குள் ஆன்ட்டி எடுத்துவிட்டார்.

“ஸ்தோத்திரம், உர்சுலா பேசுறேன்.”

சிரம்பான் இல்லை. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஒரு தகப்பனார், இத்தனை நாள் எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று உரிமையோடு சண்டை பிடித்தார். ஆன்ட்டி கல்லாப்பெட்டிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அவர் மகளின் படிப்பு, நிறம், ஞானஸ்நானம் எல்லாவற்றையும் விசாரித்து முடித்தார். போனை வைத்ததும் அவர் முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

“இங்க பாருங்க” என்றார் குவெக்கிடம். “பில் என் பேர்ல வருது. அப்போ நம்பர் யாரோடது?”

குவெக் யோசித்தார். “உங்களோடதுதான்.”

“கடை உங்களோடது. நான் பில் கட்டிடறேன். பத்து பகாட் காசை மட்டும் என் கையில குடுங்க. காலையில வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறேன்.”

குவெக் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துப் போட்டார். தப்பான பில்லை மாற்றச் சொல்லி ஊரெல்லாம் கம்பெனியோடு சண்டை போடும்போது, அந்தத் தப்பை விடாமல் பிடித்துக்கொண்டு ஒழுங்காகப் பணம் கட்டிய ஒரே வாடிக்கையாளர் எங்கள் உர்சுலா ஆன்ட்டியாகத்தான் இருப்பார்.

அதன்பிறகு தினமும் ஈசூனிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். திருகாணி வாங்க வந்தவர்கள் ஒரு பக்கம், ஆன்ட்டியின் கல்யாணங்கள் ஒரு பக்கம். குழாய் வேலை செய்யும் பையன் யாராவது வந்தால், போனைக் கையால் பொத்திக்கொண்டு, கல்யாணம் ஆகிவிட்டதா என்று அவனிடமும் கேட்டு வைப்பார். அவர் இல்லாத நேரத்தில் குவெக்கே போனை எடுத்து, “உர்சுலா நாளைக்கு” என்று தமிழில் சொல்லப் பழகிவிட்டார்.

எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் கடைக்கு ஓடிவந்து, “ஆன்ட்டி, போன் கையிலேயே இருக்கு. சிரம்பானுக்கு ஒரு கால் அடிச்சுப் பார்த்துடலாம்” என்பேன்.

“நாமளா கூப்பிட்டா பொண்ணு இறங்கிப் போயிட்டான்னு ஆயிடும் தம்பி.”

“அவங்கதான் கூப்பிட்டிருக்காங்களே. குவெக் சொன்னாரே.”

“அது வேற யாரோ. அவங்களாவே இருந்தாலும் இன்னொரு தடவை கூப்பிடட்டும். இப்போதான் நான் இங்க இருக்கேன்ல?”

“ஒரு வரி லெட்டராவது போடலாமே.”

“லெட்டர் போட்டா மட்டும் அது கேட்டது ஆகாதா?”

அதற்குமேல் அவரிடம் பேச முடியாது. நான் கடை வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொள்வேன். அந்தப் போன் எத்தனையோ முறை அடித்தது. தெம்பனிஸ் கூப்பிட்டது, ஜோகூர் கூப்பிட்டது, கூலிமிலிருந்துகூட யாரோ கூப்பிட்டார்கள். சிரம்பான் கூப்பிடவில்லை.

அப்போதுதான் கம்பெனிக்கு விழிப்பு வந்தது. கவனத்தில் கிடந்த எங்கள் கடிதங்கள் ஏதோ ஒரு பெரிய அதிகாரியின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. ஆன்ட்டி கட்டிய பணம் முழுவதையும் திருப்பிக் கொடுப்பார்கள். ஈசூனில் உடனே லைன் போடுவார்கள். கடைக்கு வேறு நம்பர் தருவார்கள். தகராறுக்குக் காரணமான பழைய நம்பரை அடியோடு ரத்து செய்துவிடுவார்கள்.

“யாரு இதெல்லாம் கேட்டா?” என்றார் ஆன்ட்டி.

“நாமதான் ஆன்ட்டி கேட்டோம்.”

என்னை இழுத்துக்கொண்டு கமலாவிடம் ஓடினார். “அந்தத் தப்பு அப்படியே இருக்கட்டும்மா. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.”

கமலா என்னைப் பார்த்தாள். “ஆன்ட்டி, உங்க கேஸுக்காக மூணு டிபார்ட்மென்ட் மீட்டிங் போட்டிருக்காங்க.”

“அந்த லெட்டரை எல்லாம் திருப்பிக் கொடுத்துடேன்.”

“அப்ரூவ் ஆயிடுச்சு ஆன்ட்டி. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது லா.”

ஆறுதலுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கம்பெனியோடு சண்டை போட்டு ஜெயித்த ஆன்ட்டி, அதைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

நம்பரை மாற்ற வந்த ஆளின் பெயர் அஹமது கபீர். கடையநல்லூர்க்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். நானும் அன்று லீவு போட்டுவிட்டுக் கடையில் இருந்தேன். பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவர், ஆன்ட்டி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கினார்.

“யார்கூடவாவது பேசணும்னா பேசிக்குங்கம்மா. நான் வெளியில நிக்கறேன்” என்றார்.

இந்த நம்பர் போனால் சிரம்பானுக்கு ஆன்ட்டியைத் தேட வேறு வழி இல்லை. அது அவருக்கும் தெரியும். சிலுவை போட்டுக்கொண்டு சிரம்பான் நம்பரைச் சுழற்றினார். ஒருமுறை தப்பாகப் போனது. மறுபடியும் சுழற்றினார்.

அல்போன்சம்மாளின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

“உர்சுலாவா? எத்தனை தடவை கூப்பிட்டோம். யாரோ ஒரு சீனர் எடுக்கறதும் வைக்கறதுமா இருந்தாரு. சரி, விஷயம் கேக்க நீங்களாவது கூப்பிடுவீங்கன்னு பார்த்தோம். கூப்பிடலை. பொண்ணு வீட்டுல இஷ்டமில்லை போலன்னு நாங்களே புரிஞ்சுக்கிட்டோம்.”

“பையன் என்ன சொன்னாப்ல?” என்று ஆன்ட்டி கேட்டார்.

“அவன் ரயில் கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிட்டான், இந்தப் பொண்ணுதான்னு.”

“இப்பவும் ஒண்ணும் குடி முழுகிடலையே…”

“உர்சுலா, போன ஞாயித்துக்கிழமை கோயில்ல முதல் ஓலை வாசிச்சுட்டாங்க.”

ஓலை வாசிப்பது என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் மூன்று ஞாயிறு தொடர்ந்து சாமியார் அறிவிப்பது. “நல்லா இருக்கட்டும்” என்று சொல்லி ஆன்ட்டி போனை வைத்தார். அஹமது கபீர் உள்ளே வந்து வேலையை முடித்துவிட்டுப் போனார்.

வந்த ஆத்திரத்தில் நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முதல் நாளே கூப்பிட்டிருந்தால் கதையே வேறு என்று சொன்னேன். மானத்தைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்றும் சொன்னேன். குவெக்குக்குத் தமிழ் புரியாவிட்டாலும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், போதும் என்பதுபோல. ஆன்ட்டி கைப்பையை எடுத்துக்கொண்டு, “வா, ரூபிகிட்ட சொல்லணும்” என்றார்.

“என்னத்தைச் சொல்லப் போறீங்க? அவதான் தட்டைக் கழுவி வச்சுட்டாளே. அப்படியே விடுங்க.”

“இல்லை, சொல்லணும்” என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

ரூபி அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து, யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி உட்காரவில்லை. சமையலறை வாசலிலேயே நின்றார். இத்தனை வருஷத்தில் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே முடிவு என்று எதையும் அவர் சொன்னதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தவித்தார்.

“ரூபி, சிரம்பான்ல இருந்து கூப்பிட்டிருக்காங்கம்மா. நான் அங்கே இல்லை. நானாவது திருப்பிக் கூப்பிட்டிருக்கணும், கௌரவம் பார்த்துட்டு உட்கார்ந்துட்டேன். இப்போ அந்தப் பையனுக்கு வேற இடத்துல ஓலை வாசிச்சாச்சு. தப்பு என்மேலதான். ஆனா அவங்க வேண்டாம்னு சொல்லலை. சரின்னுதான் சொன்னாங்க.”

ரூபியின் கத்தி நின்றது.

“சரின்னா சொன்னாங்க?”

“ஆமாம்மா.”

“யாரு, அந்த அம்மாவா?”

“அவன்தான் முதல்ல சொல்லியிருக்கான். ரயில் கிளம்பறதுக்கு முன்னாடியே.”

நான் ரூபி அழுவாள் என்று பயந்தேன். கத்துவாள் என்று ஆன்ட்டி பயந்திருப்பார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், பக்கத்தில் இன்னொன்றை ஆன்ட்டிக்கு இழுத்தாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு வெட்கம் வந்திருந்தது.

“உட்காருங்க ஆன்ட்டி” என்றாள். “அவர் என்ன சொன்னாருன்னு முதல்ல இருந்து சொல்லுங்க.”